தூக்காத வலை

முனிகிருஷ்ணனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. வெள்ளைச் சட்டையும் சென்ட்டு வாசனையுமாக எங்கள் குப்பத்துக்கு எறா வாங்க வந்த ஏஜென்ட் அவன். பழவேற்காடு ஏரி எறாவுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்த காலம் அது, எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சாலையோரம் ஒரு தகர ஷெட் போட்டு, எறாவை ஓடு உரித்து ஐஸில் அடுக்கி மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். உரிக்கிற வேலைக்குச் சின்ன விரல்தான் தோதாம். "லேசான வேலம்மா. மூணு வேளை சோறு. சாயங்காலம் டீச்சர் வந்து படிப்பு சொல்லிக் குடுக்கும்" என்று தேன் ஒழுகப் பேசி, எங்கள் பெண் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிப் போனான். அதில் ஒருத்தி கன்னியம்மா. பத்து வயசு. என் பக்கத்து வீட்டுக் கங்கம்மாளின் ஒரே மகள். புருஷனைப் புயலில் பறிகொடுத்த கங்காவுக்கு அவளை விட்டால் வேறு யார்?

பொங்கலுக்கு அனுப்புகிறேன் என்றவன் அனுப்பவில்லை. கங்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். ஷெட் வெளியே பூட்டியிருந்தது. தகரச் சந்து வழியாகத்தான் பார்க்க முடிந்தது. பிள்ளைகள் ஈரத்தரையில் எறாக் குவியலைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கன்னியம்மா ஓடி வந்து சந்து வழியே கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறி, குழி குழியாகப் புண். ஐஸ் தண்ணீரும் எறாச் சாறும் அரித்த விரல்கள்.

"யம்மா, ஊட்டுக்குப் போலாம்மா" என்றது குழந்தை.

"சீசன் முடியட்டும், அனுப்பறேன்" என்றான் சத்தம் கேட்டு வந்த முனிகிருஷ்ணன். போலீஸுக்குப் போனோம். "நீயேதானே அனுப்பிச்சே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து நாட்டாண்மை குப்பனிடம் சொன்னால், அவர் முனிகிருஷ்ணன் கொடுத்த டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொண்டு, "பெரிய எடத்து விவகாரம், பேஜாரு" என்றார். நல்ல வார்த்தையாக எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

வீட்டு வாசலில் கங்கா சட்டென்று நின்றாள்.

"யக்கா, வர்ற அமாவாச பாடு யாருக்கு?"

"உனக்குத்தாண்டி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எறா ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் கோயிலில் சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் பாடு உண்டு. கொழுந்தனோ தம்பியோ வலை கட்டுவான், எறா அந்த வீட்டுக்கு. அடுத்தவர் பாட்டில் கை வைத்தால் சாமி குத்தம். நாட்டாண்மைக்கும் அதே சட்டம்தான்.

முனிகிருஷ்ணனுக்கு இது தெரியாது. நாட்டாண்மையைக் கையில் போட்டுக்கொண்டால் ஏரியே தன் கையில் என்று நினைத்திருந்தான். அமாவாசை எறாவை நம்பித் துறைமுகத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டு, விடிந்ததும் லாரி நிறைய ஐஸோடு கரையில் வந்து நின்றான்.

"இன்னாய்யா லேட்டு? ஐஸு கரையுது!"

கங்காவின் கொழுந்தன் சேகர் கரையோரம் படகில் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றான். "வலை நெறைய எறா கீது. வலைப் பை வாயைக் கட்டித் தண்ணியிலயே உட்டு வெச்சிக்கீறேன். அண்ணி சொன்னாத்தான் தூக்குவேன்."

முனிகிருஷ்ணன் குப்பன் பக்கம் திரும்பினான். "இன்னா நைனா இது? நீ சொல்லு!"

குப்பன் பிடரியைச் சொறிந்தார். "அது அவ பாடு. நான் சொல்ல முடியாது."

கங்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "புள்ளைங்க ஏழு பேரும் இந்தக் கரையில வந்து நிக்கணும். அப்பறம்தான் வலை எழும்பும். கொணாந்து உடு, அத்தினி எறாவும் உனக்கே."

அவன் சிரித்தான். "உன் வலை இல்லாட்டி நாளைக்கு வேற வலை. போம்மா!"

"நாளைக்கு எங்க பாடு" என்றாள் கூட்டத்திலிருந்த செங்கம்மாள். "எங்க வலையும் எழும்பாது."

"நாளன்னிக்கு எங்குளுது. அதுவும் எழும்பாது" என்றாள் முத்தம்மா.

என் முறை வர இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகுமா? "எங்குளுதும் எழும்பாதுடா, போடா!" என்று கத்தினேன். கரை முழுக்க அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டது. குப்பன் மெதுவாக நடந்து போய், டிரான்சிஸ்டரை லாரி பானெட்டின்மேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். இத்தனை நாளில் அந்த மனுஷர் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. முனிகிருஷ்ணன் அதைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான். கடைசியில் டிரைவரிடம், "போய் அதுங்களை ஏத்திக்கினு வா" என்றான்.

லாரி திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். கங்கா அழவில்லை. கன்னியம்மாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள், பத்து வயசுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி. அப்புறம் ஏரியைப் பார்த்து, "தூக்குடா சேகரு!" என்றாள்.

கூடை கூடையாக எறா கரையேறியது. ஒன்றைக்கூட எடுத்து வைக்காமல் அத்தனையையும் அவன் லாரியில் கொட்டச் சொன்னாள். கொட்டிய இடத்தில் ஐஸ் இல்லை, வெறும் ஈரச் சாக்குதான். முனிகிருஷ்ணன் அந்தக் குவியலைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "இத்த யாரு உரிக்கிறது?" என்று வாயை விட்டான்.

"உனுக்குத்தான் ரெண்டு கை கீதே" என்றாள் கன்னியம்மா, தாயின் இடுப்பிலிருந்தே. "நீயே உரி!"

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. அவன் லாரி மேடு ஏறி மறையும்வரை நாங்கள் ஓயவில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்திலும் வந்ததுதான், ஏன் மறைக்க வேண்டும்?

பிள்ளைகளைப் பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விரலுக்கெல்லாம் மருந்து வைத்துக் கட்டினோம். கோயில் முன்னால் ஊர் கூடிற்று. இனி எந்த ஷெட்டுக்கும் இந்தக் குப்பத்துப் பிள்ளை போகாது, அந்தக் கைகள் ஆறும்வரை ஒவ்வொரு பாட்டிலும் அந்த ஏழு வீட்டுக்கும் பங்கு உண்டு என்று முடிவானது. பேச எழுந்தது முழுக்கப் பெண்கள். எதிர்த்துப் பேச ஒரு ஆளும் இல்லை.

அன்று சாயங்காலம் சோறு வடிக்க உட்கார்ந்த கங்கா, மகளிடம் என்ன குழம்பு வேண்டும் என்று கேட்டாள்.

"இன்னா வோணா வையிம்மா. எறா மட்டும் வோணாம்."

அந்தப் பேச்சு வீடு வீடாகப் போயிற்று. எறா துள்ளுகிற சீசனில், எறாவே கதியென்று கிடக்கும் எங்கள் குப்பத்தில், அன்று ஒரு அடுப்பிலும் எறா வேகவில்லை. கருவாட்டுக் குழம்பும் சோறும் பிசைந்து, கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகளுக்கும் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஊட்டினோம்.