யார் போட்ட கோடு

1

‘இருட்டா இருக்குன்னு சொல்லிடலாம். பொய் இல்லையே. இதுல வெள்ளை வெள்ளையாவே இல்ல.’

ஷூச்சின் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அவளைக் கண்டுபிடித்தேன். [கண்டுபிடித்தேன் என்பது சரியில்லை.] நடந்தது இதுதான். தைவானின் சின்சூ ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் கடைக்கு, மின்புத்தகம் படிக்க ஒரு மின்வாசிப்பான் வாங்கப் போயிருந்தேன். வண்ணத் திரையா, கறுப்பு வெள்ளையா என்று சாதக பாதகங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கீழே வைத்தாள், போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. பெயர், கணவன், ரகசியம் எல்லாம் நான் கொடுத்தவை.

2

முதல் தொடக்கம்: ‘ஷூச்சினுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் அவள் –’

விட்டுவிட்டேன். கண்ணில் கோளாறு வைத்தால் கதை மருத்துவரிடம் போய்விடும்.

இரண்டாவது, கடையிலிருந்தே:

“அக்கா, காமிக்ஸ் படிப்பீங்களா?” என்றார் கடைக்காரர்.

“இவன் படிப்பான்,” என்று ஷூச்சின் பக்கத்தில் நின்றவனைக் காட்டினாள்.

“அப்ப வண்ணம்தான். அட்டைப்படத்தைப் பாருங்க.”

“துவைச்சுத் துவைச்சு வெளுத்த சட்டை மாதிரி இருக்கே,” என்றான் அவள் கணவன் வென்கய்.

“அண்ணே, இது டிவி இல்ல. வெயில்ல வச்சுப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கும்.”

“இந்த ஊர்க் காத்துல வெளியே உட்கார்ந்தா இது பக்கத்து மாவட்டம் மியாவ்லிக்குப் பறந்து போயிடும்.”

கடைக்காரர் நேர்மையானவர். விளக்கைக் கூட்டி வைக்க வேண்டும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், எழுத்துக்குப் பின்னால் பொடிமணல் தூவியதுபோலத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, “ஆனா பிடிச்ச வரிக்குக் கீழே நீங்க போடற கோடெல்லாம் கலர் கலராத் தெரியும். உங்க பழசுல எல்லாமே ஒரே சாம்பல்தானே?” என்றார்.

3

அங்கேதான் ஷூச்சின் கையிலிருந்த வண்ணக் கருவியைக் கீழே வைத்தாள்.

மின்புத்தகக் கடையில் இருவருக்கும் ஒரே கணக்கு, அதே புத்தகங்கள். வென்கய் பழைய கருவியில் போடும் கோடுகள் கணக்கில் மஞ்சளாகச் சேரும். பல் மருத்துவமனை வேலைக்கு ரயிலில் போகும்போது அவள் கைபேசியில் இளஞ்சிவப்பில் போடுவாள். அவன் திரையில் இரண்டும் சாம்பல். கோடு போடுவது அவன் வழக்கம் என்பது வீட்டில் முடிவான விஷயம். அவளும் போடுவாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

“இதுக்கு எப்பக் கோடு போட்டேன்? எனக்கு இவ்வளவு புத்தியா?” என்பான்.

“காய்ச்சல்ல போட்டிருப்பே.”

ஒருநாள் ஒரு நாவலிலிருந்து சத்தமாகப் படித்தான்: ‘அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் பதில் சொல்லிவிடுவான். அதனால் அவள் பாதி வாக்கியங்களில் பேசக் கற்றுக்கொண்டாள்.’ அது இளஞ்சிவப்பு. அதையே இன்னொரு தடவை படித்தான். அன்றிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டாவது, அவள் முடிக்கும்வரை காத்திருக்கிறான். இருபது வருடம் அவள் வாயால் சொல்லி ஏறாதது, தானே கண்டுகொண்டதாக நினைத்ததும் ஏறிவிட்டது.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இது கோழைத்தனம் இல்லையா? ஆனால் நானும் சொல்ல முடியாததை எல்லாம் இன்னொருத்தியின் பெயரில்தானே எழுதுகிறேன்.)

என் தாளைப் பார்த்தேன். ‘யார் போட்ட கோடு என்று தெரியும்’ என்பதைச் சாதகத்திலும் எழுதியிருந்தேன், பாதகத்திலும் எழுதியிருந்தேன்.

4

முடிவு ஒன்று: வாங்குகிறார்கள். “இதெல்லாம் உன்னுதா?” என்கிறான். மறுநாளே அவள் பேச்சின் நடுவில் அவன் –

வேண்டாம்.

முடிவு இரண்டு: அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். அவனைப் பெருந்தன்மைக்காரன் ஆக்கினால் அவளுடைய பயம் வெறும் அசட்டுத்தனம் ஆகிவிடும்.

முடிவு மூன்று: அவளே சொல்லிவிடுகிறாள். [வாசகர் இதைத்தான் எதிர்பார்ப்பார். நானும்தான்.]

5

“நீ என்ன சொல்றே?” என்றான் வென்கய்.

“இருட்டா இருக்கு.”

“விளக்கைக் கூட்டிக்கலாம் அக்கா,” என்றார் கடைக்காரர்.

“மணல் மணலா இருக்கு.”

“ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும்.”

கைவசம் இருந்த காரணங்கள் தீர்ந்தன. மிச்சம் உண்மையான ஒன்றுதான். அதைச் சொன்னால் வண்ணத் திரை வாங்கவே தேவையில்லை, அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். சொல்லிவிடேன் என்று நானும் அவளை நெருக்கினேன். கதைக்கு ஒரு முடிவு வேண்டாமா?

“வேற ஏதாவது காரணம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு வென்கய் அவள் முகத்தையே பார்த்தான்.

“இருக்கு,” என்றாள். அவசரப்படாமல் மீதியையும் சொன்னாள். “ஆனா அதை நான் சொல்லப் போறதில்ல. நமக்கு இது வேண்டாம்.”

இரண்டு கருவிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினாள்.