செருப்பு கிடந்த வாசல்

பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஜூடித்தின் பாடு நான் சொல்லாமலே புரியும், கண்ணுகளா. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

திருச்சி பாலக்கரையில் பிறந்து, பாலக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள் ஜூடித். புருஷன் ஜெர்ரிக்கு ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைக்க, ஐந்து வயது மகள் ஜோவானாவையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் டெக்சாஸில் வந்து இறங்கினார்கள். சுகர் லேண்டில் வாடகை வீடு. பெயரில் சர்க்கரை இருந்ததே தவிர, அவளுக்கு ஊர் இனிக்கவில்லை.

வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும், கரண்ட் போகாது, பின்பக்கம் ஜோ ஓடி விளையாடப் புல்தரை. அவளுக்குக் குறை வேறு. காலையில் ஜெர்ரியின் கார் ஃப்ரீவேயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்பும். நடுவில் தெருவில் ஒரு மனித முகம் கிடையாது. கராஜ் கதவு வாயைத் திறக்கும், காரை விழுங்கும், மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அக்கம்பக்கம்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, ஜெர்ரி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லியே விட்டாள்.

“ஏங்க, டிசம்பருக்கு எனக்கும் ஜோவுக்கும் டிக்கெட் போட்டுடுங்க. ஒன்வே.”

“என்ன ஜூடி, விளையாடுறியா?”

“விளையாடலங்க. அவசரம்னா தட்டுறதுக்கு ஒரு கதவு இல்லாத ஊர்ல, பிள்ளைய வெச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது? பாலக்கரைல ஒரு தும்மல் போட்டா மூணு வீட்லேந்து என்னாச்சுன்னு கேப்பாங்க.”

“அங்க இருந்தப்ப அதத்தானே தொல்லை தொல்லைன்னு சொல்லுவ?”

“சொன்னேன். இப்ப அந்தத் தொல்லைதான் வேணும்.”

ஜெர்ரிக்கு முகம் விழுந்துவிட்டது. “இன்னிக்கு ஒரு நாள் யோசி. சாயங்காலமும் இதையே சொன்னா, புக் பண்ணிடறேன்” என்று கிளம்பிப் போனான்.

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள். மத்தியானம் ஸ்கூல் பஸ்ஸில் ஜோ வந்தாள். பையை உள்ளே வைத்துவிட்டு, காலையில் தெருவோரம் தள்ளி வைத்த குப்பைத் தொட்டியை இழுத்து வரப் போனாள் ஜூடித். காலில் வீட்டுச் செருப்பு. பின்னாலேயே குதித்துக்கொண்டு ஜோ. ‘டொக்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், கதவு சாத்திக் கிடக்கிறது. சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கதவு அது. சாவி ஆணியில், போன் அடுப்படி மேடையில், கராஜ் ரிமோட் ஜெர்ரியின் காரில்.

“ஏன்டி சாத்துன?”

“ஏசி வேஸ்ட் ஆகும்மா. டாடிதானே சொன்னாங்க!”

திட்டவும் வழியில்லை. நிழலில் உட்கார்ந்து பொழுதைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், கொஞ்ச நேரத்தில் ஜோ காலை மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்தாள்.

“அம்மா, பாத்ரூம்.”

“பின்னாடி புல்லு பக்கம் போயிடு செல்லம், யாரும் பாக்க மாட்டாங்க.”

“நோ! மிஸ் திட்டுவாங்க. ஐ ஆம் எ பிக் கேர்ள்.”

“சரி, பெரிய மனுசி, கொஞ்சம் அடக்கிக்க. வா.”

வலது பக்கத்து வீட்டு மணியை அடித்தாள். கதவு திறக்கவில்லை, மணிதான் பேசியது. எங்கோ ஆபீஸில் இருந்த ஒரு மனிதரின் குரல், ஆங்கிலத்தில், பார்சலை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி நன்றியும் சொன்னது.

“நோ பார்சல் சார்! சைல்டு! பாத்ரூம்!” என்று ஜூடித் மணிக்கு முன்னால் குனிந்து கத்தினாள். குரல் போய்விட்டது. இடது பக்கத்து வீட்டில் ஒரு நாய் மட்டும் பதில் சொன்னது.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வந்து இரண்டு மாதத்தில் அந்தத் தெருவில் அவள் முனை வரைக்கும் நடந்ததே இல்லை. எல்லா வீடும் ஒரே அச்சு. எதில் நம் ஆள் இருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் நிலைப்படிக்கு மேலே சிலுவை இருந்தால் நம்ம வீடு என்று நுழைந்துவிடலாம். டெக்சாஸிலோ பாதி வீட்டுக் கதவில் சிலுவை தொங்குகிறது. கோலம் தேடினாள், இல்லை. மாவிலை தேடினாள், இல்லை.

“அம்மா, சீக்கிரம்!”

“இந்தா, இந்தா, வந்துட்டோம்” என்றாள், எங்கே என்று தெரியாமலே.

தெருமுனை வீட்டு வாசலில்தான் அதைப் பார்த்தாள். செருப்புக் குவியல்! பெரிசும் சிறிசுமாய், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அதில் ஒரு ரப்பர் செருப்புக்கு வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது. பக்கத்துத் தொட்டியில் ஆள் உயரத்துக்கு ஒரு முருங்கை. ஜூடித்துக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பை வாசலில் விடுகிறவர்கள், முருங்கை வளர்க்கிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே, அறுந்த செருப்பைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஊக்கு குத்துகிறவர்கள். வேறு யாராக இருக்க முடியும்?

மணியை அடித்துவிட்டுத் தன் செருப்பையும் ஜோவின் செருப்பையும் கழற்றிக் குவியலோடு விட்டாள். கதவு திறந்ததுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“அக்கா, மன்னிச்சுக்குங்கக்கா, வீடு பூட்டிக்கிச்சு, பிள்ளைக்கு அவசரம், பாத்ரூம் எந்தப் பக்கம்கா? நீங்க எந்த ஊரு?”

கேட்டுக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். அப்புறம்தான் எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், தூக்கக் கலக்கம், கலைந்த தலை, நர்ஸ்கள் போடும் நீலச் சட்டை. தமிழ் முகம் இல்லை, இந்திய முகமே இல்லை.

வைத்த காலை எடுப்பதா விடுவதா என்று ஜூடித் நிற்க, அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், பின்னிக்கொண்டு நின்ற ஜோவின் கால்களைப் பார்த்தார். பிறகு நடையின் கோடியைக் கை காட்டினார். ஜோ பறந்தாள்.

அந்த மகராசி நல்லா இருக்கணும், கண்ணுகளா. பாஷை தெரிந்தா கதவைத் திறந்தார்? பிள்ளையின் காலைப் பார்த்தார், போதுமாக இருந்தது.

அதன் பிறகு ஜூடித் தனக்கு வந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் ஊர்க்காரர் வீடு என்று நினைத்துவிட்டேன் என்றாள். எதை வைத்து என்று அவர் கேட்டார். ஜூடித் வாசலைக் காட்டினாள், செருப்பை, முருங்கையை, ஊக்கை. ஊக்கைக் காட்டியதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது அவர் வீட்டுக்காரரின் வேலையாம். புதுசு வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டாராம். பிலிப்பைன்ஸில் பாதிப் பேர் இப்படித்தானாம்.

அவர் பெயர் லூர்தெஸ். அதைக் கேட்டதும் ஜூடித் கையைப் பிடித்துக்கொண்டாள். திருச்சியில் லூர்து மாதா கோயிலில்தான் ஜெர்ரி அவளுக்குத் தாலி கட்டினான்.

ஜெர்ரியைக் கூப்பிட லூர்தெஸ் ஆன்ட்டி போனைக் கொடுத்தார். கையில் வாங்கிய பிறகுதான் புருஷன் நம்பர் தனக்கு மனப்பாடம் இல்லை என்பதே ஜூடித்துக்கு உறைத்தது. நிம்மதியாய்த் திரும்பி வந்த ஜோ, பள்ளியில் சொல்லிக்கொடுத்த ராகத்தோடு அதைப் பாடிக் காட்டினாள். தெரியாத நம்பர் என்று ஜெர்ரி முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் எடுத்தான்.

“நான்தாங்க. கதவு பூட்டிக்கிச்சு. தெருமுனை வீட்ல இருக்கோம்.”

“எந்த முனை? யார் வீடு? நம்பர் என்ன?”

“நம்பர் பாக்கல. வாசல்ல செருப்பு கிடக்கும், வாங்க.”

அவன் வருவதற்குள் அடுப்பில் சூப் கொதித்தது. கோழி, இஞ்சி, மேலே ஒரு கை முருங்கைக்கீரை. சூப்புக்குத் துணையாக என்ன வந்தது என்கிறீர்கள்? சுடுசோறு! வீட்டில் முருங்கைக்கீரை என்றால் மூஞ்சியைத் திருப்பும் ஜோ, இரண்டாம் தடவையும் கிண்ணத்தை நீட்டினாள்.

“நைட் டியூட்டி பாத்துட்டுத் தூங்கிட்டிருந்திருக்கீங்க. நான் வந்து எழுப்பிட்டேன்” என்று ஜூடித் ஆங்கிலத்தில் தடுமாறினாள். தூக்கம் ஞாயிற்றுக்கிழமையும் வரும், மனுஷர்கள் வருவதுதான் அபூர்வம் என்றார் லூர்தெஸ். பதினோரு வருஷத்தில் இந்தத் தெருவிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே வந்த முதல் ஆள் ஜூடித்தாம்.

ஜூடித் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு கதவும் இல்லை என்று இரண்டு மாதமாக அழுதோமே, நாம் போய் எந்தக் கதவைத் தட்டினோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மணி அடித்தது. ஜெர்ரி நின்றான், வெறும் சாக்ஸ் காலோடு. ஷூவைக் கழற்றிக் குவியல் ஓரத்தில் விட்டிருந்தான்.

“ஏன் கழட்டுனீங்க? யாரும் சொல்லலயே?”

“செருப்பு அவ்வளவு கிடக்கு, நான் மட்டும் ஷூவோட வந்தா நல்லாவா இருக்கும்?” என்றவன், குரலைத் தணித்துக் கேட்டான். “ஜூடி, டிக்கெட்டு? புக் பண்ணணுமா?”

“பண்ணுங்க. மூணு பேருக்கும். ரிட்டர்னோட.”

அவன் அவளையே பார்த்தான்.

“என்ன பாக்குறீங்க? வரும்போது ஆன்ட்டிக்கு நம்ம ஊரு நெய் முறுக்கு வாங்கிட்டு வரணும், ஞாபகப்படுத்துங்க.”

விடைபெறும்போது லூர்தெஸ், வீட்டுச் சாவி ஒன்றைத் தன்னிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். வீட்டைத் திறந்ததும் ஜூடித் செய்த முதல் வேலை அதுதான். இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு, ஜோவோடு தெருமுனைக்குத் திரும்ப நடந்தாள். லூர்தெஸ் அதை வாங்கி, கதவோரம் ஜெபமாலை தொங்கிய ஆணியிலேயே மாட்டினார்.

வெளியே வந்தால், ஜோவின் செருப்பில் ஒன்று காணவில்லை. லூர்தெஸின் பிள்ளைகள் இதற்குள் வந்து தங்கள் செருப்புகளையும் மேலே உதறிவிட்டுப் போயிருந்தார்கள். ஜோ குந்தி உட்கார்ந்து குவியலைக் கிளற ஆரம்பித்தாள். ஜூடித்தும் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள், அவளை அவசரப்படுத்தாமல்.