முதுகுத் தூணி

ஆடெல் வாங்கி வந்த அம்பறாத்தூணியைப் பார்த்ததும் ரூஃபஸ் சிரித்துவிடவில்லை. கையில் வாங்கித் தோலைத் தடவிப் பார்த்தான், தையலைப் பார்த்தான், தோளில் மாட்டும் வாரை இழுத்துப் பார்த்தான். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் சிரித்தான். மீன் வறுக்க அவன் வீட்டுக் கொல்லையில் கூடியிருந்த பதினைந்து பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

"அழகாத்தான் இருக்கு மாப்ளே. வாசல்ல வச்சு குடையச் சொருகிக்கலாம்."

"முதுகுல மாட்டுறது மச்சான். கைய பின்னால கொண்டுபோனா அம்பு தானா கைக்கு வரும்."

"வரும் வரும். நீ குனிஞ்சா உன்ன விட்டுட்டு அதுவே முன்னால போயிரும். நாம என்ன மைதானத்துல நிமிந்து நின்னா வேட்டையாடுறோம்? ஆத்தோரம் பனைப் புதருக்குள்ள பாதி நேரம் வயித்தாலதானே போறோம்."

"நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்க மாட்ட. அதான் கவலையே."

மறுபடி சிரிப்பு. ஆடெலும் சிரித்தான். நெட்டியைக் கட்டிய நாளிலிருந்து பதினைந்து வருடமாக அவளுடைய அண்ணன் ரூஃபஸிடம் அவன் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறான். கல்யாணத்தன்று போட்ட கழுத்துப்பட்டை, முதலில் வாங்கிய வண்டி, மரம் அறுக்கும் ஆலையில் அவன் பார்க்கும் வேலை, அவன் வில்லை இழுக்கும்போது வாய் கோணுவது, எதையும் ரூஃபஸ் விட்டதில்லை. ரூஃபஸுக்கு அது அன்றன்றோடு போய்விடும். ஆடெலுக்குப் போகாது. வெளியே பல்லைக் காட்டிவிட்டு உள்ளே ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆள் அவன். இப்படிப்பட்டவர்களோடு விளையாடுவது ஆபத்து என்று ரூஃபஸுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ரூஃபஸ் ஒரு பொட்டலத்தோடு வந்தான். வில்லின் பக்கவாட்டிலேயே பூட்டிக்கொள்கிற தூணி. ஆறு அம்பு பிடிக்கும். முனைகளை மூடக் கெட்டியான குல்லா, தண்டுகளைக் கவ்விப் பிடிக்க ரப்பர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் தன் கைக்காசில் வாங்கியது. "இந்தா. இது தலைகீழாத் தொங்குனாலும் அம்ப விடாது. வில்லு கொஞ்சம் கனக்கும், பழகிரும்," என்று சொல்லி வண்டியின் இருக்கையில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குக் கிண்டல்கூடச் செய்யவில்லை. ஆடெல் அதைப் பிரித்துப் பார்த்தான். நல்ல சாமான்தான். அதனாலேயே எரிச்சல் வந்தது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, விடிந்து ஒரு மணி நேரத்தில் இருவரும் ஆற்றங்கரைச் சதுப்பில் இறங்கினார்கள். போன வாரம் ரூஃபஸின் பெட்டை நாயை வயிற்றோடு கிழித்துப்போட்ட ஒற்றைக் காட்டுப்பன்றி அந்தப் பக்கம்தான் படுக்கிறது. வண்டியை விட்டு இறங்கும்போது புதுத் தூணி இருக்கையிலேயே கிடந்தது. ஆடெல் தோல் தூணியை முதுகில் மாட்டினான். ரூஃபஸ் பார்த்தான். வேகவைத்த கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி ராசா," என்றான். அந்த 'ராசா' ஆடெலுக்குச் சுருக்கென்று தைத்தது.

எட்டு மணிக்குப் பன்றியின் தடம் கிடைத்தது. புதுச் சேறு, புது எச்சம். முள்பனைப் புதருக்குள் பன்றிகள் போய்ப் போய்க் குடைந்த வழி ஒன்று போனது. இடுப்பு உயரம்கூட இல்லை. காற்று முகத்துக்கு எதிரே அடித்தது. உள்ளே எங்கோ அது குறட்டை விட்டுத் தூங்குகிற சத்தம் கேட்டது. ஆடெல் முன்னால், ரூஃபஸ் இரண்டு முழம் பின்னால், முழங்காலிலும் முழங்கையிலுமாகத் தவழ்ந்தார்கள்.

வழி ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியது. ஆடெலின் தலை தாழ்ந்தது. முதுகில் கனம் நகர்வது அவனுக்குத் தெரிந்தது. தோளைச் சாய்ப்பதற்குள் ஓர் அம்பு வழுக்கி, காதை உரசிக்கொண்டு, இறகு முன்னாலும் முனை பின்னாலுமாக வலக்கைப் பக்கம் விழுந்தது. பைன் சருகு மெத்தை மாதிரி கிடந்ததால் சத்தமே இல்லை.

எடுத்திருக்கலாம். கையில் பிடித்துக்கொண்டே போயிருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் பின்னால் திரும்பி ஒரு விரலைக் காட்டியிருந்தால்கூட ரூஃபஸுக்குப் புரிந்திருக்கும். ஆனால் எதைச் செய்தாலும் அவன் பார்ப்பான். பார்த்தால் இன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், அடுத்த பதினைந்து வருடத்துக்கு இதே பேச்சுதான். பனை மட்டை குறுக்கே தொங்கியதில் ரூஃபஸ் இன்னும் கவனிக்கவில்லை. ஆடெல் உள்ளங்கையால் சருகை வாரி அம்பின் மேல் தள்ளினான். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். முகத்து மயிரை மழிக்கிற அளவுக்கு முந்தைய நாள் அவனே தீட்டிய முனை அது. அதை மூடிவிட்டு அவன் முன்னால் தவழ்ந்தான்.

மூன்று மூச்சு ஆகியிருக்கும். பின்னால் "ஹக்" என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, பல்லைக் கடித்தும் அடங்காமல், ரூஃபஸின் முனகல். முழங்கால் அம்பின் தண்டை மிதித்ததில் முனை நிமிர்ந்து, நகர்ந்த தொடையின் உள்பக்கம் முழுசாக இறங்கியிருந்தது.

குறட்டை நின்றது.

எதிரே கறுப்பாக ஒன்று எழுந்தது. அதற்கு வெளியேற அந்த ஒரு வழிதான், அந்த வழியில்தான் இவர்கள் இருந்தார்கள். ஆடெல் மண்டியிட்டு எழுந்து கையைப் பின்னால் கொண்டுபோனான். அம்பு அகப்பட்டது, நாணில் கோத்தான், வில்லின் மேல்முனை மட்டையில் இடித்தது. ஐந்தடி தூரத்தில் விட்டான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறகு வரைக்கும் போய்விட்டது. பன்றிக்கு அது உறைக்கவே இல்லை. வந்த வேகத்தில் மோதியது. கொம்புப்பல் இடது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்தது, குளம்பு அவன் மார்பில் ஏறி மிதித்துக் கடந்தது, பின்னால் கிடந்தவன் மேல் பாய்ந்தது.

ரூஃபஸ் மல்லாந்து நல்ல காலால் அதன் மூக்கை உதைத்தான். அது காலணியைக் கவ்விக் கிழித்தது. அடுத்து விலாவில் முட்டியது. எலும்பு முறிவது ஆடெலுக்குக் கேட்டது. அவன் அதன் பின்னங்காலைக் கட்டிப்பிடித்து இழுத்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான். இடுப்புக் கத்தியை உருவி முன்னங்காலுக்குப் பின்னால் குத்தினான், எடுத்தான், குத்தினான். எத்தனை தடவை என்று அவனுக்குத் தெரியாது. சூடான ரத்தம் கண்ணில் தெறித்தது, வாய்க்குள் போனது. அது ரூஃபஸின் வயிற்றின் மேலேயே விழுந்து, காலை உதறி உதறிச் செத்தது.

புரட்டித் தள்ளிய பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் ஆடெலுக்கு உறைத்தது, அது பன்றியின் ரத்தம் இல்லை. தொடையிலிருந்து துடித்துத் துடித்து வந்துகொண்டிருந்தது. ஒடிந்த தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் இடுப்புவாரை உருவி, தொடையின் அடிவரை ஏற்றிக் கட்டி, ஒரு குச்சியைச் சொருகி முறுக்கினான். ரூஃபஸ் அலறினான். இன்னும் முறுக்கினான்.

"செத்துருவேனா மாப்ளே?"

"வாய மூடு மச்சான். பேசாத."

"நீ... நீ அழுற மாதிரி இருக்கு. மூஞ்சி கோணுது பாரு."

அந்த நிலையிலும் அவனால் அப்படித்தான் பேச முடிந்தது. ஆடெல் அவனை ஒற்றைக் கையால் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு சேற்றில் அரை மைல் நடந்தான். இரண்டு தடவை விழுந்தான். வண்டியில் கிடத்தும்போது ரூஃபஸின் உதடு வெளுத்துவிட்டது. ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டு, செத்துராதே செத்துராதே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, மாவட்ட ஆஸ்பத்திரி வரை ஓட்டினான். இவன் மட்டும் பிழைத்தால் போதும், வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருக்கட்டும் என்று அவன் மனசாரக் கடவுளிடம் கேட்டான்.

ரூஃபஸ் பிழைத்தான். காலும் பிழைத்தது, இனி கொஞ்சம் இழுத்து நடப்பான் என்றார்கள். மூன்றாம் நாள், கையில் முப்பத்தெட்டுத் தையலோடு ஆடெல் அவனைப் பார்க்கப் போனான். கட்டிலோரம் நெட்டி உட்கார்ந்து அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா கசாப்புக்காரா," என்றான் ரூஃபஸ். "பதினேழு குத்தாம். பன்னிய உரிச்சவன் எண்ணிச் சொன்னான். தோலு சல்லடைக்குத்தான் ஆகும்."

ஆடெல் சிரிக்க முயன்றான்.

"உன் வீட்டுக்காரர அந்தப் பையோட எரிக்கணும்னு சொல்லிட்டிருந்தேன் நெட்டி. ஆனா யோசிச்சா, குத்தம் என்னோடது. அம்பு என் மூஞ்சிக்கு நேராக் கிடந்திருக்கு, நான் பாக்கல. செவப்பு இறகு. ரெண்டு முழத்துல கிடந்தத பாக்கல." அவன் குரல் இறங்கியது. "கண்ணு போயிருச்சு. அறுபது பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற பஸ்ஸு. அதான் நேத்து ஆபீசுக்குச் சொல்லச் சொல்லிட்டேன், இனிமே ஓட்டலன்னு. ஒரு பிள்ளை குறுக்க வந்து நான் பாக்காமப் போயிட்டா?"

நெட்டி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய பேருந்து. அதை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

ஆடெல் சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சருகு எதுவும் சாட்சி சொல்ல வராது.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்றான். "நீ பாத்திருக்கவே முடியாது. அம்பு விழுந்தது எனக்குத் தெரியும். நீ பாத்தா சிரிப்பியேன்னு சருகத் தள்ளி மூடிட்டேன்."

நெட்டி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ரூஃபஸ் கூரையைப் பார்த்தான். பத்துக் கிண்டல் வந்தாலும் தாங்கிக்கொள்ள ஆடெல் தயாராக நின்றான். வரட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"உயிரக் காப்பாத்துனதுக்கு ரொம்ப நன்றிங்க," என்றான் ரூஃபஸ். "கையி வலிக்கும். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

பதினைந்து வருடத்தில் அவன் ஆடெலிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு ஒருநாளும் அவன் வேறு மாதிரி பேசவில்லை.