தங்கை கொடுத்த ரத்தம்

ஆராய்ச்சிக்காரிக்கு பிரஷர் ஏறிய கர்ப்பிணிகளுக்குப் பஞ்சமே இல்லை. வார்டு நிறைய இருந்தார்கள். பிரஷர் இல்லாத கர்ப்பிணிகள்தான் ஊசி என்றதும் ஓட்டம் பிடித்தார்கள். இரு தரப்பு ரத்தத்திலும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிற காப்புச் சத்து எவ்வளவு என்று ஒப்பிட்டால்தானே ஆராய்ச்சி முடியும்? கடைசியில், ஏழு மாதம் ஆகியிருந்த சொந்தத் தங்கையையே பிடித்து உட்காரவைத்தாள்.

"பிரஷர் பாக்கலையாக்கா?"

"உனக்கென்னடி பிரஷர்? நீ அடுத்தவங்களுக்கு ஏத்திவிடுறவ!"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். கால் வீங்கிச் செருப்பு இறுக்குகிறது என்றாள். அதற்கும் ஒரு கிண்டல் கிடைத்தது. பிரஷர் பார்த்த பிறகே ஊசி என்பது அக்காவே போட்ட விதி. மெஷின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சோம்பல், வேறென்ன!

தங்கையின் ரத்தத்தில் அளவு அதலபாதாளத்தில் கிடந்தது. பிரஷர் வார்டில் வருகிற மாதிரியான அளவு. அதைச் சேர்த்தால் ஒப்பீடே கெட்டுவிடும். குழாயை வெயிலில் வைத்துவிட்டோம்போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த ஒரு எண்ணை மட்டும் நீக்கினாள். பேராசிரியர் சபாஷ் போட்டார். அம்மணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சில வாரம் கழித்து தங்கைக்குப் பிரஷர் எகிறி வலிப்பு வந்தது. அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். உள்ளங்கை அகலக் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்தது.

"செக்கப்புக்குக் கூப்பிட்டேன் அண்ணி," என்றார் தங்கை புருஷன். "அக்கா ரத்தமே எடுத்துப் பாத்துட்டா, ஏதாச்சும்னா சொல்லியிருப்பான்னு வரமாட்டேனுட்டா."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால் தேவலை. அவமானம் அக்காவைப் பிடுங்கித் தின்றது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்தாள், அதையும் பார்க்க முடியவில்லை.

தங்கை கண் விழித்ததும் அக்காவைத்தான் தேடினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"இப்ப எடுத்துக்கக்கா. உன் பிரஷர் கும்பல்ல சேத்துக்கலாம்ல?"

பொய் ஒன்று அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"அன்னிக்கே உன் ரத்தத்துல தப்பாத்தான் காட்டுச்சுடி. என் கணக்கு கெட்டுப்போகுதுன்னு நான்தான் தூக்கிப் போட்டேன்."

தங்கை, நீட்டிய கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.