அவர் இல்லாத கடை

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் தன் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அதற்கு முன் உலகத்தில் யாருமே செத்ததில்லை என்பது போல நடந்துகொண்டார். முகம் மழிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவுதான், அழுத்தினால் நழுவியது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எதற்கும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். அவ்வளவு பேச்சில் ‘பெரும்பாலும்’, ‘எதற்கும்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் மனிதர்.

கட்டியை எடுத்து அனுப்பியாயிற்று. முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. கழுத்தில் கட்டுப்போட்டபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மனைவி சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“உனக்குச் சாப்பாடு இறங்குது.”

முதல் நாள் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். மறுநாள், “இறங்குது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

அவளுக்கும் பயம் இல்லாமலில்லை. ஆனால் அவருடைய பயம் என்ன என்று தெரிந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லலாமே என்று ஒருநாள் கேட்டாள்.

“வலிக்கும்னு பயமா?”

“வலியெல்லாம் தாங்கிக்கலாம்.”

“அப்புறம் என்ன?”

“நான் இருக்க மாட்டேன்.”

“சரி.”

“என்ன சரி? இந்த ஜன்னல் இருக்கும். அந்த நாற்காலி இருக்கும். காலையில பால்காரன் வந்து மணி அடிப்பான். நான் மட்டும் இருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு நாற்காலியைப் பார்த்தார். ஒரு பங்காளியைப் பார்க்கும் பார்வை. மரண பயம் என்றால் ஏதோ ஆழமான சங்கதி, பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பது என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது நாற்காலி மேல் பொறாமையாக இருந்தது.

வெளியூரில் படிக்கும் மகனைப் போனில் பிடித்து, “அப்பா இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருடா” என்றார். அவன் நினைத்துப் பார்த்தானோ என்னவோ, “அப்பா, எனக்குப் பரீட்சை இருக்கு” என்றான். இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் குமைந்தார்.

பக்கத்துக் கடைத் தையற்காரர் அவருடைய நெடுநாள் சிநேகிதர். மத்தியான டீ இருவருக்கும் ஒன்றாகத்தான். தைக்கும்போது வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார், ஒரு ஊசியும் விழாது. அவரிடமும் புலம்பல் போயிற்று.

“பொறக்கறதுக்கு முன்னாடி எத்தனையோ காலம் நீ இல்லாமத்தான் இருந்த. அப்ப ஏதாவது கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டார் தையற்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் நன்றாக யோசித்துவிட்டு, “அப்ப எனக்குக் கடை இல்லையே” என்றார்.

தையற்காரர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். “இவ்வளவுதானாடா விஷயம்?” என்று கேட்டு மறுபடி சிரித்தார். சாகப்போகிறவனைப் பார்த்துச் சிரிப்பதா என்று இவருக்குக் கோபம். அன்றோடு மத்தியான டீ நின்றது.

அடுத்த வாரம் தையற்காரர் மெஷினில் உட்கார்ந்தபடியே சரிந்தார். ஊசிக்கடியில் யாருடைய பேண்ட்டோ பாதித் தையலில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

தையற்காரரின் வீடு கடைக்கு மேல் மாடியில்தான். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு மூலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிநேகிதர் முகத்தை அவர் ஒருமுறைதான் பார்த்தார். அதன்பின் அவர் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் வாசலைத்தான். அங்கே ஒரு ஆள் வந்து நின்று, தயங்கித் தயங்கி, நாளைக்கு ஊருக்குப் போகவேண்டும், கொடுத்த சட்டை தைத்தாயிற்றா என்று விசாரித்தான். தையற்காரரின் மனைவி அழுத கண்ணோடு கீழே இறங்கிப்போய்த் தேடி எடுத்துக் கொடுத்தாள். பின்னாலேயே ஒரு அம்மாள், மகளுடைய பள்ளிக்கூடச் சீருடை கேட்டு வந்தாள்.

வீடு திரும்பும் வழியில் கண்ணாடிக்கடைக்காரருக்கு மூச்சு இரைத்தது.

“மனுஷன் அங்க செத்துக் கிடக்கான். வந்து சட்டை கேக்கறாங்க.”

“சட்டை அவங்களோடது” என்றாள் மனைவி.

“அவளும் இறங்கிப் போய் எடுத்துக் குடுக்கறா.”

“வேற என்ன செய்வாங்க? கூடவே வச்சு அனுப்பவா?”

பல வருஷச் சிநேகிதன் போய்விட்டானே என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் தெருமுனை வரை காத்திருந்தாள். சொல்லவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, திடீரென்று தெம்பு வந்தவராகக் கடைக்குக் கிளம்பினார். அவளை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

அந்தக் கடையில் முன்பக்கம் அவளுடையது. பிரேம் எடுத்துக் காட்டுவது, வருகிறவர்களின் பழைய கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பவர் அளப்பது, காதில் அழுத்தாமல் வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவள். லென்ஸ் அறுத்துத் தேய்க்கும் பின்னறை அவருடையது. அங்கே சுவர் நிறைய இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் காகித உறைக்குள் லென்ஸ்கள், உறைமேல் பவர். இழுப்பறைகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு மனிதர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு உறையிலிருந்து லென்ஸை எடுத்து வேறொரு உறையில் போட்டுக்கொண்டிருந்தார். மிகவும் பொறுமையாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“என்ன பண்றீங்க?”

அவர் பதறவில்லை. “நான் போனதும் நீ எவனையாவது வேலைக்கு வச்சுக் கடையைத் திறந்துடுவ” என்றார்.

“திறக்காம?”

“அப்படியெல்லாம் சுலபமா நடந்துடக் கூடாது. கொஞ்சமாவது திண்டாடணும். அவர் இருந்தா இப்படி ஆகியிருக்குமான்னு ஒருத்தராவது சொல்லணும்.”

“தப்பு லென்ஸைப் போட்டுக்கிட்டு யாராவது படியில விழுந்தா?”

“அப்பச் சொல்லுவாங்க இல்ல” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது. அன்று வந்தது வேறு. குழந்தை என்றால் ஒரு அடி போட்டு இழுத்துக்கொண்டு போகலாம். இது நரைத்த தலையோடு தரையில் உட்கார்ந்து, தன் சாவுக்குச் சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவருக்குத் தெம்பு போய்விட்டது, பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பின்னறைக்குக் கருவியைத் தூக்கிப்போய் வைத்து, ஒவ்வொரு லென்ஸாக அளந்து அதற்குரிய உறையில் போடத் தொடங்கினாள். வீட்டில் தனியாக இருக்க முடியாமல் தையற்காரரின் மனைவி கீழே வந்து அவளருகே உட்கார்ந்துகொண்டு உறைகளை எடுத்துக் கொடுத்தாள். ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

“கடைசியா என்ன சொன்னாரு அக்கா?” என்று இவள்தான் கேட்டாள்.

“நூல் அறுந்துடுச்சுன்னாரு. குனிஞ்சு பாத்தாரு. அவ்வளவுதான்.”

“பயந்தாரா?”

“அதுக்கு நேரம் எங்க இருந்துச்சு.”

அந்த அம்மாள் போனபிறகு, கையில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தானும் ஒருநாள் இருக்க மாட்டோம் என்பது, ஏதோ புதுச் செய்தி போல, நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. எழுந்து ஓடவேண்டும் போலவும், ஓட இடமில்லை போலவும் இருந்தது. ஓ, இதுதானா அது என்று நினைத்தாள். இதை வைத்துக்கொண்டா இந்த ஆட்டம் என்றும் நினைத்தாள். கணவர்மேல் இருந்த எரிச்சலில் கொஞ்சம் தன் பக்கமும் திரும்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு லென்ஸைக் கருவியில் வைத்தாள்.

முடிவு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டாரே என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு வருத்தம்தான். ஆனாலும் வழியிலேயே முதுகு நிமிர்ந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம், “சாவைப் பக்கத்துல பாத்தவன் சார் நான். பயப்படவே கூடாது” என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரே கடைக்கு வந்தார்கள். அவர் பின்னறைக்குள் போனார். தான் செய்ததைத் தானே சரிசெய்யும் உத்தேசத்தோடு போயிருக்கலாம், அல்லது அது நினைவே இல்லாமல் போயிருக்கலாம். ஒரு இழுப்பறையைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். ஒரு லென்ஸை எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். பிறகு கிடைத்ததையெல்லாம் எடுத்து அளந்தார். ஒன்றாவது தப்பாக இருக்காதா என்று தேடுவது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

“யாரை வச்சு அடுக்கின?”

“நான்தான்.”

“பின்னறை வேலை உனக்கு எப்படித் தெரியும்?”

“அளக்கறது ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே.”

ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் கெட்ட செய்தி சொல்லியிருந்தால் முகம் எப்படி ஆகியிருக்குமோ அப்படி இப்போது ஆயிற்று. உட்கார்ந்தபடியே கேட்டார்.

“நான் போயிருந்தா அழுதிருப்பியா?”

“அழுதிருப்பேன்” என்றாள். அது உண்மைதான். “கடையையும் திறந்திருப்பேன்.”

அதுவும் உண்மைதான். பொய் சொல்லியிருக்கலாம். அந்த அளவு இரக்கம் அவளிடம் அன்று மிச்சமில்லை.

முன்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். படிக்கிற கண்ணாடி உடைந்துவிட்டது, சீக்கிரம் வேண்டும் என்று ஒரு வயதானவர் நின்றிருந்தார். அவள் அதை வாங்கிப் பின்னறைக்கு எடுத்து வந்து, விரிசல் விட்ட லென்ஸைக் கருவியில் அளந்து, உரிய லென்ஸை எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அவர் தேய்ப்பதைப் பார்த்திருந்த மெஷின் அருகே உட்கார்ந்தாள். கணவர் எழுந்து வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது கை தவறும் என்று எதிர்பார்த்து நின்றாரோ, வேறு போக்கிடம் இல்லாமல் நின்றாரோ.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். “வெளிச்சம் மறைக்குது.”

அவர் தள்ளி நின்றார்.