கண்ணாடியில் பார்த்த நட்டு

பல் டாக்டர் காருக்கு அடியில் போய்ப் படுப்பதற்கு முன் கண்ணை மூடிக் கைகூப்புவார். முப்பது வருடமாக, பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் செய்கிற பழக்கம். நல்ல பழக்கம்தான். அந்த வாரம் அவர் கேட்ட வரம் ஒன்றே ஒன்று: பின்பக்கத்து இடது போல்ட் கழன்று வர வேண்டும். கடவுளுக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. போல்ட்டுக்குத்தான் இருந்தது.

அது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, தாழ்ந்த மூக்கு, ஒரு காலத்தில் சிவப்பு. நான்கு வருடத்தில் எஞ்சினைப் பிரித்துக் கோர்த்துவிட்டார். சீட்டுக்குப் புதுத் தோல் போட்டுவிட்டார். மிச்சம் பின் சஸ்பென்ஷன். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைகளும் ஸ்பிரிங்கும் துருவேறி ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. வலது பக்கத்தில் நட்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால் எளிதில் கழற்றிவிட்டார். இடது பக்கத்து நட்டு தகட்டுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அங்கே கை போகும், கண் போகாது.

கண் போகாத இடம் பல் டாக்டருக்குப் புதிதா என்ன? நோயாளிகளின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தார். நட்டு அதில் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்தபடியே ஸ்பானரை மாட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினார். அசையவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் திருப்பினார். கொஞ்சம் முனகியது, நின்றுவிட்டது. ஞாயிறு முதல் வியாழன் வரை, கிளினிக் திறக்கும் முன் ஒரு மணி நேரம், இதுதான் நடந்தது.

"பதினோராயிரம் பல்லு எடுத்திருக்கேன். ஒரு போல்ட்டு என்னை என்ன பண்ணிடும்?" என்றார் மனைவியிடம்.

அவர் மனைவி பள்ளித் தலைமையாசிரியை. சாக்குப்போக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. "சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வரார். அதுக்குள்ள பின்பக்கம் கழண்டா கார் இருக்கும். இல்லன்னா கார் போகும்."

"யாரைக் கேட்டு வரச் சொன்ன?"

"நாலு வருஷமா ஷெட்டுக்கு வெளியில மழையில நனையுதே வாஷிங் மெஷின், அதைக் கேட்டேன்." சற்று நிறுத்தினார். "என் தம்பியைக் கூப்பிடுங்களேன்."

பல் டாக்டர் கை கழுவப் போனார்.

தம்பி லேத் பட்டறைக்காரர். பக்கத்துத் தெருதான். மூன்று வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். வலிக்கிறதென்று அத்தானிடம் வந்தார். ஊசி போட்ட பிறகு, "அந்தப் பக்கம் இல்ல அத்தான்" என்று பஞ்சு அடைத்த வாயோடு ஏதோ சொல்லப் பார்த்தார். "எக்ஸ்ரே படம் என் கையில இருக்கு மச்சான். உங்க கையில வலி மட்டும்தான் இருக்கு. பேசாம வாயைத் திறங்க" என்றார் பல் டாக்டர். படத்தை அவர் திருப்பிப் பிடித்திருந்தார். இடது பக்கம் இருந்த சொத்தைக்காக வலது பக்கத்து நல்ல பல் வெளியே வந்தது. பல் தட்டில் விழுந்த உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "இதுவும் கெடப்போற பல்லுதான், முன்னாடியே எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கை பால்பல்லைப்போல் மறுபடி முளைத்து வருவதில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அக்காவின் சமையலறைக் கத்திகள் ஒரு துணிப்பையில் கேட்டில் தொங்கும். மறுநாள் அதே பையில் சாணை பிடித்துத் திரும்பி வந்திருக்கும். அந்தக் கத்தியால் நறுக்கிய காய்களைத்தான் மூன்று வருடமாகப் பல் டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ருசியில் குறை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்பானர் நழுவி, விரல் முட்டியில் தோல் போனது. காருக்கு அடியில் படுத்தபடியே போனை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்: 'பின்பக்கம் ஒரு போல்ட் வரவில்லை.'

உடனே பதில் வந்தது. 'எந்தப் பக்கம்?'

பல் டாக்டர் அந்த இரண்டு சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது கேள்வியா, குத்தலா என்று தெரியவில்லை. 'இடது' என்று அனுப்பினார். அனுப்பும் முன் தன் இடது கையை ஒரு முறை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அரை மணியில் தம்பி வந்துவிட்டார், தோளில் கேஸ் டார்ச், கையில் பெட்டி. அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அத்தானைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். முதுகைத் தரையில் வைத்து உள்ளே சரிந்தார். பல் டாக்டர் பக்கத்தில் குப்புறப் படுத்து விளக்குப் பிடித்தார். முப்பது வருடத்தில் அவர் இன்னொருவருக்கு விளக்குப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

"இது எதுக்கு இங்க?" தம்பி குட்டிக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்.

"நட்டைப் பார்க்க."

"எப்படித் திருப்பினீங்க?"

"கண்ணாடியில பார்த்துத்தான். கடிகாரத்துக்கு எதிர்ப் பக்கமா."

தம்பி கண்ணாடியை உள்ளே நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். நட்டு தகட்டைக் கடித்து உள்ளே இறங்கியிருந்தது. ஐந்து நாள் உழைப்பு. அவர் உதட்டோரம் ஒரு முறை துடித்தது. மூன்று வருடம் காத்திருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. அதே நேரம் பார்த்து அக்கா டீயோடு ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"என்னடா ஆச்சு? உங்க அத்தான் ஏதாவது கெடுத்து வச்சிருக்காரா?"

தம்பி கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இல்லக்கா. துரு பலமாப் பிடிச்சிருக்கு. யாரா இருந்தாலும் வந்திருக்காது."

ஊரில் எத்தனையோ தர்மங்கள் நடக்கின்றன. பெயர் போட்டுக் கல் வைக்கிறார்கள். இதற்குக் கல் வைக்க முடியாது. ஆனால் கணக்கில் எழுதிக்கொள்கிறவன் எழுதிக்கொண்டிருப்பான் என்றே நான் நினைக்கிறேன்.

தம்பி நட்டை டார்ச்சால் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினார். ஆறவிட்டு எண்ணெய் விட்டார். மறுபடி சூடாக்கினார். பிறகு ஸ்பானரை மாட்டிக் குழாயைச் செருகி ஒரே அழுத்து. 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. விளக்குப் பிடித்திருந்தவர் போல்ட்டைப் பார்க்கவில்லை, மச்சானின் முழங்கையைப் பார்த்தார். அது போன திசையைப் பார்த்தார்.

விளக்கு கொஞ்சம் ஆடியது.

"மச்சான்."

"ஒழுங்காப் பிடிங்க அத்தான், கண்ணு கூசுது."

"அஞ்சு நாளா நான் இறுக்கிட்டா இருந்தேன்?"

"கண்ணாடியில திசை மாறித்தானே தெரியும். மெதுவா, அக்கா காதுல விழப்போகுது."

பேசாமல் இருந்துவிடலாம். மானத்தை மச்சானே காப்பாற்றிக் கொடுத்தாகிவிட்டது. போல்ட் வந்துவிட்டது, கார் பிழைத்துவிட்டது. கேட்ட வரத்துக்கு மேல் ஒன்றும் பாக்கியில்லை. பல் டாக்டர் விளக்கைத் தரையில் வைத்தார். எத்தனை பேரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து 'ஒரு நிமிஷம்தான், வலிக்காது' என்று சொல்லியிருப்பார்! அது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அன்னைக்கு எக்ஸ்ரே படத்தையும் திருப்பித்தான் பிடிச்சிருந்தேன். நல்ல பல்லை எடுத்துட்டேன். தெரிஞ்சே பொய் சொன்னேன் மச்சான்."

"தெரியும்."

"எப்படி?"

"சொத்தைப் பல்லு இன்னும் வாயிலதானே இருக்கு. அதுக்குத் தெரியாதா?"

"மூணு வருஷமாவா? வேற டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"போனேன். வலது பக்கம் நல்ல பல்லு இருந்த இடம் காலியா இருக்கே, எந்த மடையன் எடுத்தான்னு கேட்டார். மாத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்." தம்பி ஸ்பானரைத் துடைத்தார். "உங்க பேரை எப்படிச் சொல்றது? என்ன இருந்தாலும் அக்கா வீட்டுக்காரர்."

காருக்கு அடியிலிருந்து ஏதோ விநோதமான சத்தம் வர, அக்கா குனிந்து பார்த்தார். இருவரும் மல்லாந்து படுத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணில் தண்ணீர். புகை என்றார்.

மதியத்துக்குள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இரும்புக் கைகள் எல்லாம் சாக்கின்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தினார் தம்பி. ஒவ்வொரு பாகத்தின்மேலும் வெள்ளைப் பெயின்டால் 'இ', 'வ' என்று எழுதினார். "திருப்பிப் பூட்டும்போது மாறிடக்கூடாது" என்றார், யாரையும் பார்க்காமல்.

சனிக்கிழமை பொழுது சாய்கிறவரை யாரும் வரவில்லை. "இரும்புக்காரர் எப்ப வரார்?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"எந்த இரும்புக்காரர்?" என்றார் மனைவி. கத்தியால் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தம்பி கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். இடது கன்னத்தில் வெள்ளைப் பெயின்டால், கொட்டை எழுத்தில், 'இ'. உதவிக்கு நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

பல் டாக்டர் வழக்கம்போல் கைகூப்பினார். எக்ஸ்ரே படத்தை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எந்தப் பக்கம் வலிக்குது, மச்சான்? நீங்களே சொல்லுங்க."