பள்ளத்தில் இறங்கிய கல்யாணப் பெண்

ரெய்னோ காங்காஸைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை வண்டிகள்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று. மற்றதெல்லாம் பொம்மை.

சுப்பீரியர் ஏரி கொட்டுகிற பனியில் ஆல்டர் பே ஊரே தத்தளிக்கும்போது, அவர் மட்டும் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் காபியுமாகத் தன் பச்சை நிறப் பிக்கப்பில் மேடேறிப் போவார். வழியில் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கிற சின்னக் கார்க்காரர்களைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்துவார். அது வணக்கம் என்பது அவர் கட்சி. வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அதை வணக்கமாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகன் டேரின் போய்க் காதலித்தது யாரை என்றால், கல்குவாரி மேட்டில் டயர் கடை வைத்திருக்கும் கொலெட் போட்ரியை. அவள் அப்பா அர்மாண்டுக்கு இடுப்பு போனதிலிருந்து கடையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஊரில் பாதிப் பேர் குளிர்காலத்துக்குப் பனி டயர் மாட்டிக்கொள்வது அவளிடம்தான். மீதிப் பாதி ரெய்னோவின் கட்சி.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெய்னோவின் மனைவி ஐலீன் சுட்ட, இறைச்சி அடைத்த பேஸ்டியைச் சாப்பிட்டு முடித்த கையோடு, கொலெட் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். அவள் காரிலிருந்து நாலு புத்தம்புதிய பனி டயர்களை இறக்கி, மேலே சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தாள். காபிக்கடை வாசலில் பிக்கப் நின்றிருந்தபோது யாருக்கும் தெரியாமல் அளவு பார்த்து வாங்கியிருக்கிறாள்.

"மாமா, பிடிச்சிருக்கா?"

"நல்ல டயர்தாம்மா. ஆனா நாலு சக்கரமும் இழுக்குற வண்டிக்கு இது எதுக்கு?"

"இழுக்குறதுக்கு இல்ல மாமா, நிறுத்துறதுக்கு. குளிர்ல மத்த ரப்பர் எல்லாம் கெட்டியாயிடும், பிடிக்காது. கிளம்புறப்பதான் உங்க வண்டிக்கும் எங்க வண்டிக்கும் வித்தியாசம். பிரேக் போடுறப்ப எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான்."

"நான்தான் நிறுத்துறதே இல்லையே" என்று ரெய்னோ பெரிதாகச் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஐலீன் பார்த்த பார்வையில் சிரிப்பு அவர் தொண்டையிலேயே நின்றுபோயிற்று. கொலெட் ரிப்பனை மெதுவாக அவிழ்த்து, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். டயர்கள் நீராவிக் குளியலுக்கான சௌனா அறைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் போயின.

அன்றிலிருந்து ரெய்னோவுக்கு மனசு சரியில்லை. அந்தப் பெண்ணை அவருக்கு நிஜமாகவே பிடிக்கும். அவளுக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கினார். ஆனால் ஒரு மன்னிப்பை எந்தப் பக்கமிருந்து தூக்குவது என்று அந்த மனிதருக்குத் தெரியாது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். கல்யாணத்தன்று பெண்ணை மேட்டிலிருந்து சர்ச்சுக்குத் தானே அழைத்து வருவதாக அறிவித்தார்.

கல்யாணம் நவம்பர் முதல் சனிக்கிழமை. மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்தது. அதற்கப்புறம் வைத்தால் ஆல்டர் பேயில் மாப்பிள்ளைகூட வருவான் என்பது நிச்சயமில்லை.

இந்த இடத்தில் மிர்னாவின் மண்வெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிர்னா நடத்தும் காபிக்கடையில், கல்லாவுக்கு மேலே, பனி அள்ளும் பெரிய மண்வெட்டி ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் முதன்முதலில் சாலையோரப் பள்ளத்தில் வண்டியை இறக்குகிறவர் பெயரை அதில் சிவப்புப் பெயின்டால் எழுதுவார்கள். அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை காலையில் வந்து கடை வாசலில் பனி அள்ள வேண்டும். பாதிரியார் பெயர் அதில் இருக்கிறது. போலீஸ்காரர் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. காங்காஸ் என்ற பெயர் மட்டும் கிடையாது. காபி குடிக்கும்போதெல்லாம் ரெய்னோ அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்படுகிற சமாசாரம் அது.

கல்யாணத்தன்று விடியும்போதே அந்த வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்துவிட்டது. பத்து மணிக்கெல்லாம் முழங்கால் வரை வந்துவிட்டது. ஐலீன் தன் தங்கையோடு முன்னாலேயே சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

"ரெய்னோ, மெதுவா வா. வண்டியில இருக்குறது நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு."

"எத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்கே சொல்றியா."

"உனக்குத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மேடு ஏறும்போது ரெய்னோவுக்கு வாழ்க்கை இனித்தது. பனி தள்ளும் வண்டி இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. வழியில் பக் சோர்வாரியின் கார், பனி டயர் மாட்டிய கார்தான், அடிவயிறு பனியில் உட்கார்ந்து சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக், ரெய்னோவோடு பள்ளிக்கூடத்திலிருந்து சண்டை போட்டு வரும் சிநேகிதர். ரெய்னோ இரண்டு விரலை உயர்த்தினார். பக் ஒரு விரலை உயர்த்தினார்.

கடை வாசலில் கொலெட்டின் சின்னக் காரும் சக்கரம் முழுக்கப் பனியில் புதைந்து கிடந்தது. வெள்ளைக் கவுனை இடுப்பு வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு அவள் வெளியே வந்தாள். நகக்கண்ணில் கறுப்புக் கிரீஸ். காலையில்கூட யாருக்கோ டயர் மாற்றியிருக்கிறாள்.

"ஒத்துக்கிறேன் மாமா. இன்னிக்கு உங்க வண்டி இல்லைன்னா எனக்குக் கல்யாணமே இல்ல."

இதைவிட ஒரு மனிதருக்கு வேறென்ன வேண்டும். ரெய்னோ கதவைத் திறந்துவிட்டு, கவுன் நுனியை உள்ளே எடுத்து வைத்து, ராஜா மாதிரி வண்டியைக் கிளப்பினார்.

கல்குவாரி மேடு இறங்கி முடிகிற இடத்தில் நிறுத்தல் பலகை. அதைத் தாண்டியதும் சர்ச். படிக்கட்டில் விருந்தாளிகள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள், பெண் வருகிற அழகைப் பார்க்க. ரெய்னோ பாதி இறக்கத்திலேயே பிரேக்கில் காலை வைத்தார்.

பிரேக் காலடியில் கடகடவென்று துடித்தது. வண்டி கேட்கவில்லை. ஒற்றுமையாக இழுக்கிற நாலு சக்கரமும் ஒற்றுமையாகவே வழுக்கின. நிறுத்தல் பலகை போயிற்று. சர்ச் வந்தது, போயிற்று. படிக்கட்டில் நின்றவர்களின் தலைகள் வலமிருந்து இடமாகத் திரும்புவதை ரெய்னோ நன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லாமல், ஊர்வலம் போகிற நிதானத்தில், பிக்கப் கல்லறை வேலியை ஒட்டிய பள்ளத்தில் மூக்கை நுழைத்து நின்றது. எழும்பிய பனி கண்ணாடிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

உள்ளே அரை இருட்டு. ரெய்னோவின் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"மாமா, அடி ஏதும் படலையே?"

"இல்ல. உனக்கு ஏதுமில்லையேம்மா?"

"ஒண்ணுமில்ல. சரி, இந்தப் பக்கம் நகருங்க."

"எதுக்கு?"

"நகருங்கன்னா நகருங்க. ஆளுங்க ஓடி வர்றாங்க."

அவர் நகர்வதற்குள் அவள் கவுனும் பூட்ஸுமாக அவரைத் தாண்டி ஓட்டுநர் இடத்துக்கு வந்துவிட்டாள். முகத்தை மூடிய வலைத்துணியை மூச்சுவாங்க ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஓட்டினது நான். ஆசையா இருக்குன்னு கேட்டேன், நீங்க குடுத்தீங்க. சரியா?"

"உன் கடை என்னம்மா ஆகும்? டயர் கடைக்காரி பள்ளத்துல இறங்குனான்னு ஊரே சொல்லும்."

"கல்யாணப் பொண்ணு படபடப்புல விட்டுட்டான்னு சிரிச்சுட்டுப் போவாங்க. உங்களைன்னா சாகுற வரைக்கும் விடமாட்டாங்க. நீங்களும் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு மூலையில உட்கார்ந்துடுவீங்க. எங்கப்பாவால இன்னிக்கு ஆட முடியாது மாமா. எனக்கு ஆடுறதுக்கு ஒரு அப்பா வேணும்."

ரெய்னோ பதில் சொல்ல வாயைத் திறப்பதற்கும், மிர்னா வந்து வெளியிலிருந்து கதவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"அடிப்பாவி கொலெட், நீயா?" என்றாள் மிர்னா. அவள் முகத்தில் அத்தனை பூரிப்பு.

கல்யாணம் நடந்தது. சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து. தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். முதல் பாட்டுக்கு கொலெட் ரெய்னோவின் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அவருக்கு ஆடத் தெரியாது, அன்றைக்கு ஆடினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொலெட், நீ மாட்டிவிட்ட டயரை நாளைக்கே கழட்டிக் கொண்டுவந்து தரேன்" என்றார் பக். ஒருவழியாக நடந்தே வந்து சேர்ந்திருந்தார்.

"கொண்டு வாங்க, பூந்தொட்டி வைக்கலாம்" என்று அவளும் சிரித்தாள்.

மிர்னா மண்வெட்டியையும் சிவப்புப் பெயின்டையும் விருந்துக்கே எடுத்து வந்துவிட்டாள். எல்லோரும் கைதட்ட, அவள் 'கொ' என்று எழுத ஆரம்பித்தபோது ரெய்னோவால் தாங்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நிறுத்து மிர்னா. ஓட்டினது நான்."

கைதட்டல் இன்னும் பலத்து, கூரையைத் தூக்கியது.

"மாமனார்னா இப்படி இருக்கணும்யா" என்றார் பக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மருமகளுக்காகத் தன் மானத்தையே குடுக்குறான் பாரு."

"நெசமாத்தான் சொல்றேன். நான்தான் ஓட்டினேன்."

"புரியுது ரெய்னோ, புரியுது. உட்காரு."

அவர் சத்தியம் செய்யச் செய்ய அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை வருஷமாக ஊருக்குள் போட்ட தம்பட்டம் அன்றைக்கு அவரையே பிடித்துக்கொண்டது. காங்காஸ் பள்ளத்தில் இறங்குவார் என்று நம்ப அங்கே ஓர் ஆள் இல்லை. மிர்னா, கொலெட்டின் பெயரை எழுதி முடித்தாள். டேரின்கூட அப்பாவைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றான்.

பள்ளத்திலிருந்து இழுத்தெடுத்த பிக்கப்பில் வீட்டுக்குத் திரும்பும்போது ஐலீன் மெல்லக் கேட்டாள். "அந்தப் பொண்ணு உன் தோள் உயரம்கூட இல்ல. சீட்டு எப்பவும்போலப் பின்னாடி தள்ளியே இருந்துச்சே. அவளுக்கு எப்படிக் கால் எட்டுச்சு?"

"உனக்காவது புரிஞ்சுதே. ஊரு நம்பலையே."

"வாயால சொன்னா நம்பமாட்டாங்க. எதைப் பார்த்தா நம்புவாங்கன்னு உனக்கே தெரியும்."

திங்கட்கிழமை காலை. பருவத்தின் முதல் பனி விழுந்த பிறகு வருகிற திங்கட்கிழமை டயர் கடைக்குத் திருவிழா மாதிரி. தேனிலவை வசந்தத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு கொலெட் நீல ஓவராலில், ஜாக்கி வைத்து வண்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து சாலை வரை வண்டிகள், கையில் காபியோடு ஆட்கள். அப்போது பச்சைப் பிக்கப் நத்தை வேகத்தில் மேடேறி வந்து நின்றது. ரெய்னோ இறங்கி, பின்பக்கக் கதவைத் தாழ்த்தி, நாலு பனி டயர்களையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். ஒன்றின் மேல் இன்னும் விறகுத் தூள் ஒட்டியிருந்தது.

காபியோடு நின்றிருந்த பக்கின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"ஏய், அப்போ நெசமாவே நீதானா?"

"முந்தாநாளே சொன்னேனேடா."

பக் சிரிக்க ஆரம்பித்தவர், பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரிசை முழுக்க அது பரவியது. யாரோ அப்போதே மிர்னாவுக்கு போன் போட்டார்கள். ரெய்னோவின் காது சிவந்துபோனது. ஆனால் அவர் பயந்த அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

கொலெட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கடைக்காரி குரல்.

"சொந்தக்காரங்கன்னு சலுகை எல்லாம் கிடையாது மாமா. வரிசை அந்தக் கடைசியில."

"சரிம்மா" என்று அவர் போய்க் கடைசியில் நின்றார்.

மத்தியானம் டயர் மாட்டி முடிந்தது. கொலெட் சட்டைப் பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்துக் கண்ணாடியில் கட்டிவிட்டு, "இப்ப எடுங்க" என்றாள். மேட்டிலிருந்து இறங்கி, நிறுத்தல் பலகைக்கு முன்னால் ரெய்னோ பயந்துகொண்டே பிரேக்கை அழுத்தினார். பிக்கப் சொன்ன இடத்தில் நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. வண்டியைத் திருப்பி மறுபடி மேடேறினார், மறுபடி இறங்கினார், மறுபடி நின்றார்.

மூன்றாவது தடவை மேலே போனபோது கொலெட் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"என்ன மாமா, எதையாவது மறந்துட்டீங்களா?"

ரெய்னோ கண்ணாடியை இறக்கினார். செப்டம்பரிலிருந்து தூக்கத் தெரியாமல் வைத்திருந்தது தானாகவே வாயில் வந்தது.

"ஆமாம்மா. அன்னிக்கு வாசல்ல நீ ஆசையா குடுத்தப்ப, ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்ல மறந்துட்டேன்."